புல்லட்டுக்குக் கார் டயர் போடலாமா?

2.9.2024

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என் புல்லட் கிளாசிக் 350 பின்சக்கரத்துக்கு 15 இஞ்ச் ரிம் கட்டி, ஸ்விஃப்ட் கார் டயரை மாட்டித் தர்றேன்னு மெக்கானிக் சொல்றார். பாபர்னு சொல்ற பருத்த டயர் ஸ்டைல் பைக் மாதிரி கெத்தா இருக்குமாம். 50,000 கிலோமீட்டருக்கு டயரைத் தொடவே வேண்டாமாம். அமெரிக்காவுல ரொம்ப காலமா இப்படி ஓட்டுறாங்களாம். எனக்கு பைக் டயர் 15,000 கூட வரமாட்டேங்குது. போடலாமா?"

போடாதீங்க தம்பி. காரணத்தை ராத்திரி கடை சாத்திவிட்டு எழுதுகிறேன். அதற்குள் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

2.9.2024, இரவு

அப்பா காலத்திலிருந்து டயர் கடைதான் எங்கள் பிழைப்பு. முதலில் தண்டையார்பேட்டையில், இப்போது திருவொற்றியூர் பக்கம். கார் டயர் போட்ட புல்லட் ஒன்று கொஞ்ச நாள் முன்பு கடைக்கு வந்தது. வால்வில் காற்று கசிகிறது என்று கொண்டு வந்தார்கள். காற்றை விடுங்கள், அந்த டயரைப் பார்த்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

நடுவில் பட்டன், அதாவது தரையில் படுகிற ரப்பர் கட்டங்கள், அப்படியே புதிதாக இருந்தது. கார் டயர்தானே, தேயாது. ஆனால் இரண்டு ஓரத்திலும், பட்டன் முடிந்து சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) தொடங்குகிற இடத்தில், ரப்பர் சுருண்டு சுருண்டு துகளாக நின்றது. சாயும்போதெல்லாம் அந்த முனைதான் தரையைத் தொட்டிருக்கிறது. செயின் பக்கத்து சைடுவாலில் ஒரு பளபளப்பான கோடு, விரல் வைத்தால் வழுக்குகிறது. பின் சீட்டில் ஆள் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது செயின் உரசிய இடம் அது. ஓட்டுகிறவர் அதைப் பார்த்ததே இல்லை. "சத்தம் வரும், ஆனா புல்லட்டுன்னா சத்தம்தானே" என்றார்.

அவர் அனுமதியோடு எண்ணூர் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். நேர்ச் சாலையில் நன்றாகத்தான் போகிறது, அதை மறைக்க மாட்டேன். ஆசனம் அசையாமல் நிற்கிறது, பிரேக் பிடித்தால் பின்பக்கம் உறுதியாக உட்காருகிறது. ஆனால் கன்டெய்னர் லாரிகள் அழுத்தி அழுத்தி நீளமாக ஒரு தடம் பள்ளமாகியிருக்குமே, அதன் ஓரத்தில் டயரின் ஒரு பக்கம் ஏறியதும் வண்டி நிமிர்ந்து எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. நான் இடது பக்கம் ஒதுங்க நினைக்கிறேன், வண்டி வலது பக்கம் போகப் பார்க்கிறது. பக்கத்தில் 40 அடி டிரெய்லர் போய்க்கொண்டிருக்கிறது. ஹேண்டில் பாரை ஒரு பக்கம் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் வளைகிறது. அழுத்தத்தைத் தளர்த்தினால் அந்த நொடியே நிமிர்ந்துவிடுகிறது.

காரணம் சின்னது. காரின் சக்கரம் சாயாது. அது திரும்பும்போது முன்சக்கரம் திசை மாறும், டயர் தட்டையாகத் தரையில் கிடக்கும். பைக் சாய்ந்துதான் திரும்பும். 25 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை 30 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்க சுமார் 16 டிகிரி சாய வேண்டும், 40 கிலோமீட்டர் என்றால் 27 டிகிரி. அதற்காகத்தான் பைக் டயரை உருண்டையாகச் செய்கிறார்கள். எவ்வளவு சாய்ந்தாலும் தரையில் கிடக்கிற பகுதி ஏறக்குறைய அதே அளவு. சாய்ந்த உருண்டை டயர் வண்டியைத் தானே வளைவுக்குள் இழுக்கவும் செய்யும். டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டிவிட்டால் வட்டமடித்துப் போகும் பாருங்கள், அதே வேலைதான். தட்டை டயரைச் சாய்த்தால் இந்த இழுப்பு வராது. ஓரத்தில் ஏறி நிற்கும், நிமிர்த்தப் பார்க்கும்.

5.9.2024

அமெரிக்கா விஷயம். தம்பி சொன்னது உண்மைதான். அங்கே இப்படி ஓட்டுகிறவர்கள் தங்களை "டார்க் சைடு" ஆட்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் எந்த வண்டியில் போடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் ஹோண்டா கோல்டு விங். அதில் 2001இல் வந்த ஜிஎல் 1800 மாடலின் பின் டயர் 180/60 ஆர் 16, அதாவது 180 மில்லிமீட்டர் அகலம், அதில் 60 சதவீதம் பக்க உயரம், 16 இஞ்ச் ரிம். வண்டி மட்டுமே 400 கிலோ பக்கம் வரும். அதில் இரண்டு பேர், மூன்று பெட்டி. நேரான அகலச் சாலையில் நாள் பூராவும் ஓட்டுகிறவர்கள். பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்ந்துபோகும், விலையும் கூடுதல். அவர்கள் 195/55 ஆர் 16 அளவில் காற்றில்லாமலும் ஓடக்கூடிய ரன் ஃபிளாட் கார் டயரைத் தேடிப் போடுகிறார்கள். அந்த டயரின் சைடுவால் கெட்டியாக இருக்கும் என்பதால்.

அளவைக் கவனியுங்கள்: 180க்கு 195, அதே 16 இஞ்ச், ஏற்கெனவே இருக்கிற ரிம். நம் கிளாசிக்கின் பின் டயர் 120/80-18. அதைக் கழற்றிவிட்டு வேறு ரிம் கட்டி ஸ்விஃப்டின் 185/65 ஆர் 15 மாட்டுவது அவர்கள் செய்கிற காரியமே இல்லை. அவர்கள் செய்வதையும் டயர் கம்பெனிகள் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. கார் டயரை மோட்டார் சைக்கிள் ரிம்மில் மாட்டக்கூடாது என்று டன்லப் போன்றவர்கள் தங்கள் எச்சரிக்கைக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அவர்களில் பலர் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓட்டுகிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். அனுபவசாலிகள், டயரின் குணம் தெரிந்து ஓட்டுகிறவர்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஈரத் தண்டவாளத்தைக் குறுக்காகக் கடந்து, ஷேர் ஆட்டோவுக்கு ஒதுங்கி, மணல் கிடக்கிற ஓரத்தில் இறங்கி ஏறுகிற பாடு அவர்களுக்கு இல்லை.

6.9.2024

மாதவரத்திலிருந்து ஒருவர்: "அகல டயர் என்றால் தரையில் அதிகம் பதியும், பிடிப்பு அதிகம், இதில் என்ன சந்தேகம்?"

தரையில் பதிகிற பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பவை இரண்டு: மேலே இருக்கிற எடை, உள்ளே இருக்கிற காற்றழுத்தம். பின்சக்கரத்தில் 200 கிலோ இறங்குகிறது, காற்று 30 பிஎஸ்ஐ என்றால் பதிகிற பரப்பு ஏறக்குறைய 95 சதுர சென்டிமீட்டர். டயர் 120 ஆனாலும் 185 ஆனாலும் கணக்கு பெரிதாக மாறாது. மாறுவது உருவம். ஒல்லி டயரில் அது நீளவாக்கில் கிடக்கும், அகல டயரில் குறுக்குவாக்கில் கிடக்கும். பிடிப்பு ரப்பரின் தன்மையையும் பொறுத்தது. பைக் டயர் சீக்கிரம் தேய்வதே ரப்பர் மென்மையாக இருப்பதால்தான். 50,000 ஓடுகிற ரப்பர் கெட்டி ரப்பர். நீங்கள் வாங்கும் கூடுதல் கிலோமீட்டருக்குப் பிடிப்பில்தான் விலை கொடுக்கிறீர்கள்.

9.9.2024

யாரும் கேட்கவில்லை, ஆனால் கடைக்காரன் என்ற முறையில் எனக்கு இதுதான் பெரிய பயம்: மாட்டும் நேரம்.

டயரின் உள்வட்டத்தில் எஃகுக் கம்பி வைத்த தடித்த விளிம்பு இருக்கும், அதுதான் பீடு. அது ரிம்மின் தோளில் போய் உட்கார வேண்டும். கார் ரிம்மில் அந்தத் தோளின் வளைவு ஒரு மாதிரி, பைக் ரிம்மில் வேறு மாதிரி. இஞ்ச் கணக்கு ஒன்றாகவே இருந்தாலும் உட்காருகிற இடம் ஒன்றல்ல. அதனால் கார் டயரின் பீடு பைக் ரிம்மில் லேசில் உட்காராது. சாதாரணமாக பைக் டயரை உட்காரவைக்க 40 பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது. இதற்கு 60, 70 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, குனிந்து, காதை வைத்து "டப்" சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார் கடைப் பையன். பீடு கம்பி அறுந்தாலோ ரிம் உடைந்தாலோ அந்த முகத்தில்தான் அடிக்கும். ஸ்போக் ரிம் என்றால் இன்னும் மோசம். அதைக் கட்டியவர் எப்படிக் கட்டினார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறமும் சரியாகப் பொருந்தாத பீடு, பக்கவாட்டு அழுத்தம் வரும்போது நகரலாம். டியூப் போட்டிருந்தால் வால்வு கழுத்தில் அறுபடும். அன்று என் கடைக்கு வந்த வண்டியில் காற்று கசிந்த இடம் அதுதான்.

எங்கள் கடையில் பையன்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: யார் கொண்டு வந்தாலும், எவ்வளவு கொடுத்தாலும், பைக் ரிம்மில் கார் டயர் ஏற்றக்கூடாது.

14.9.2024

அளவுகள் கேட்டவர்களுக்கு. 185/65 ஆர் 15 டயருக்கு ரிம் அகலம் 5 முதல் 6.5 இஞ்ச் வரை வேண்டும். ஸ்விஃப்டின் இன்னொரு அளவான 165/80 ஆர் 14க்கு 4 முதல் 5.5 இஞ்ச். ஆல்டோ 800இன் 145/80 ஆர் 12க்குக்கூட 3.5 இஞ்ச்சுக்குக் குறையக்கூடாது. நம் 350 சிசி வண்டிகளின் பின் ரிம் இந்த அகலத்துக்கு வராது. ஒல்லி ரிம்மில் அகல டயரைத் திணித்தால் டயர் நடுவில் தூக்கிக்கொண்டு பலூன் மாதிரி நிற்கும். சிலர் அதைப் பார்த்துவிட்டு "பாருங்க, உருண்டையா ஆயிடுச்சு, பைக் டயர் மாதிரியே இருக்கு" என்பார்கள். அந்த உருண்டையில் பட்டனுக்கு அடியில் இருக்கிற எஃகு பெல்ட் தன் இயல்புக்கு மாறாக வளைந்து கிடக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது.

இன்னொன்று உயரம். 120/80-18இன் மொத்த விட்டம் சுமார் 649 மில்லிமீட்டர். 185/65 ஆர் 15இன் விட்டம் சுமார் 621. பின்பக்கம் 14 மில்லிமீட்டர் தாழும். ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் எல்லாம் அந்த அளவு தரைக்கு நெருங்கும். வேகத்தடையில் வயிறு இடிக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி வழக்கத்தைவிட நிமிர்ந்து நிற்கும், கடற்கரைப் பக்கம் காற்றடித்தால் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

18.9.2024

தம்பி மறுபடி: "அப்ப அந்த மெக்கானிக் எனக்குத் தெரிஞ்சே ரெண்டு மூணு வண்டிக்குப் போட்டுக் கொடுத்திருக்காரே, ஒண்ணும் ஆகலையே?"

ஆகவில்லைதான். நேராகப் போகிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்து, பிரேக்கையும் பிடித்து வண்டியையும் சாய்க்க வேண்டிய அந்த ஒரு நேரத்துக்காகத்தான் டயர் போடுகிறோம். தினசரி ஓட்டத்துக்கு மொட்டை டயரே போதும், நம் ஊரில் எத்தனை பேர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

20.9.2024

ராயபுரத்துக்காரர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: "காசிமேட்டில் மீன்பாடி வண்டிக்கு என்னென்னவோ டயர் போட்டு ஓட்டுறாங்களே, அது எப்படி?"

இதை யோசிக்க யோசிக்க எனக்கே விஷயம் தெளிவாகிறது. மீன்பாடி வண்டியில் முன்னால் இரண்டு சக்கரம், நடுவில் சரக்குப் பலகை, பின்னால் ஓட்டுகிறவரும் பழைய ஸ்கூட்டர் அல்லது பைக் இன்ஜினும். மூன்று சக்கரம் தரையில் ஊன்றியிருக்கிறது, வண்டி சாய முடியாது. சாயாத சக்கரத்துக்குத் தட்டை டயர்தான் பொருத்தம். அதில் உருண்டை டயரைப் போட்டால் நடுவில் ஒரு கோடு மட்டும் தேய்ந்து சீக்கிரம் மொட்டையாகும். பனிக்கட்டியும் மீன் கூடையும் ஏற்றிய அந்த வண்டிகளின் பின் டயரைப் பாருங்கள், பலகை மாதிரி தட்டையாகத் தேய்ந்திருக்கும். அந்த வண்டிக்கு அதில் குற்றமில்லை. (பதிவெண் இல்லாத அந்த வண்டிகள் சாலையில் ஓட சட்டத்தில் இடமில்லை என்பது வேறு விஷயம். அந்தப் பிழைப்புக்கு மாற்று வழி செய்துதராமல் வண்டியை மட்டும் பிடுங்குவது சரியில்லை என்பது என் கருத்து.)

சைடு கார் வைத்த மோட்டார் சைக்கிளும் இப்படித்தான். ஐரோப்பாவில் சைடு கார் வண்டிகளுக்கு 15 இஞ்ச் கார் ரிம்மையே ஹப்பில் பொருத்தி, சித்ரோன் 2சிவி காரின் ஒல்லியான 125 ஆர் 15 டயரைப் போடுவது பழைய வழக்கம். கவனியுங்கள், அங்கே ரிம்மும் காருடையது. பீடு பிரச்சினையே வராது.

ஆகவே 2ஆம் தேதி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்: சாய்ந்து திரும்புகிற வண்டிக்குக் கார் டயர் கூடாது. சாயாத வண்டிக்கு, அதற்கேற்ற ரிம்மோடு, தாராளமாகப் போடலாம்.

22.9.2024

கேன்-ஆம் ஸ்பைடர் படத்தை ஒருவர் அனுப்பி, "இது பைக்தானே, கம்பெனியே 225/50 ஆர் 15 போட்டிருக்கிறதே" என்கிறார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. திரும்பும்போது அது சாயாது. மீன்பாடி வண்டியின் அதே அமைப்பு, காசுதான் வேறு.

1.10.2024

எருக்கஞ்சேரியிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுத்த, இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் அவருடையது. நடுச் சக்கரம் சீக்கிரம் தட்டையாகத் தேய்கிறது, மழையில் சில இடங்களில் சுற்றுகிறதே தவிர வண்டி நகர்வதில்லை, இதற்கு மட்டுமாவது அகலமான டயர் போடலாமா என்று கேட்கிறார்.

அக்கா, உங்கள் வண்டி சாயாது என்பதால் தட்டையாகத் தேய்வது இயல்பு. டயரில் கோளாறு இல்லை. அந்த ஸ்கூட்டர் ரிம் 10 இஞ்ச், அதற்குப் பொருந்துகிற கார் டயர் இங்கே கிடைக்காது. கிடைத்தாலும் இன்ஜின் பக்கம் இடம் இல்லை. சக்கரம் வீணாகச் சுற்றுவதற்குக் காரணம் வேறு. இரண்டு பக்கத்து இணைப்புச் சக்கரங்களும் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தால், சாலை நடுவில் பள்ளம் வரும் இடத்தில் அவை இரண்டும் எடையைத் தாங்கிக்கொள்ளும். நடுச் சக்கரம் தொங்கும். தொங்குகிற சக்கரத்துக்குப் பிடிப்பு எப்படி வரும்? சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நீங்கள் உட்கார்ந்தபடி, இணைப்புச் சக்கரங்களை யாரையாவது கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். துளியும் அசையாமல் இறுகி, நடுச் சக்கரம் லேசாகச் சுற்றினால் உயரம் சரியில்லை. அந்த இணைப்பைப் பொருத்தத் தெரிந்தவரிடம் சரிசெய்து வாங்குங்கள். இணைப்புச் சக்கரங்களில் காற்று கூடுதலாக இருந்தாலும் இதே கோளாறு வரும், முதலில் அதைப் பாருங்கள். எங்கள் கடைப் பக்கம் வந்தால் காற்று நானே பார்த்துவிடுகிறேன்.

17.10.2024

இந்த வாரம் கொட்டிய மழையில் மணலி 200 அடி சாலையில் போய் வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் படலம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டயர் பேச்சில் இது வராமல் முடியாது.

தண்ணீர் தேங்கிய இடத்தில் ஒரு வேகத்துக்கு மேல் போனால் டயர் தண்ணீரைக் கிழிக்காமல் அதன் மேல் ஏறி மிதக்கும். விமான டயர்களை வைத்து நாசா கண்ட ஒரு சூத்திரம் இருக்கிறது: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம், நாட் கணக்கில். கிலோமீட்டருக்கு மாற்றினால் ஏறக்குறைய 16.7ஆல் பெருக்க வேண்டும். 36 பிஎஸ்ஐ என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர். 20 பிஎஸ்ஐ என்றால் 75. காற்று குறையக் குறைய மிதக்கும் வேகமும் குறைகிறது.

இதைக் கார் டயரோடு சேர்த்துப் பாருங்கள். 185/65 ஆர் 15 டயர் ஒவ்வொன்றும் 400 கிலோவுக்கு மேல் தாங்கச் செய்தது. அதன் மேல் புல்லட்டின் எடையை வைத்தால் கல் மாதிரி குதிக்கும். குதிக்காமல் இருக்க ஓட்டுகிறவர்கள் காற்றைக் குறைப்பார்கள், 20, 18 என்று. அங்கே மிதக்கும் வேகம் இறங்கிவிட்டது. போதாததற்கு பதிகிற பரப்பு குறுக்குவாக்கில் அகலமாகவும் நீளவாக்கில் குட்டையாகவும் இருக்கிறது. தண்ணீரை ஒதுக்க அதற்கு அவகாசம் கிடைக்காது. பைக் டயரின் கூர்மையான உருண்டை முகம் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும். மழைக்காலத்தில் பைக் டயருக்கு இருக்கிற பெரிய நன்மை இது.

19.10.2024

"சிட்டிக்குள்ளே யார் 75இல் போகிறார்கள்" என்று ஒரு பதில். மணலி, மாதவரம் பக்கம் ராத்திரி போகிறார்கள். சூத்திரம் சொல்வதும் முழுமையாக மிதக்கிற வேகத்தை. அதற்குக் கீழேயே பிடிப்பு பாதி போயிருக்கும். தேய்ந்த டயரில் இன்னும் சீக்கிரம்.

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது எந்த டயரும் உதவாது. சுற்றிப் போங்கள்.

4.11.2024

சட்டம் பற்றிக் கேட்டவருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு: பதிவுச் சான்றில் இருக்கிற விவரமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பும் வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே 2019இல் வந்த திருத்தம், உரிமையாளர் அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. டயர்களுக்கான இந்தியத் தர முத்திரையிலும் இரு சக்கர, மூன்று சக்கர வண்டி டயருக்கு ஐஎஸ் 15627, கார் டயருக்கு ஐஎஸ் 15633 என்று தனித்தனிதான். சைடுவாலில் எண் அச்சாகியிருக்கும். விபத்துக்குப் பிறகு வண்டியைப் பார்க்க வருகிறவர் அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்.

10.11.2024

இவ்வளவு எழுதியும் தம்பியின் உண்மையான குறைக்கு நான் பதில் சொல்லவில்லை. பைக் டயர் 15,000 கூட வரவில்லை என்றாரே, அதற்கு. ஆசைப்பட்டு கேட்டதில் பாதி, செலவு தாங்காமல் கேட்டதில் பாதி என்று நினைக்கிறேன். டயர் விலை ஏறியிருக்கிறது, சம்பளம் ஏறவில்லை. வட சென்னையில் பைக் என்பது வேலைக்குப் போகிற வண்டி, சரக்கு வண்டி, பள்ளிக்கூட வண்டி எல்லாம்தான். 20 லிட்டர் தண்ணீர் கேன்களை முன்னாலும் பின்னாலும் கட்டிக்கொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல் போவதைத் தினமும் பார்க்கிறேன். அதன் டயர் 2.50-16, நம் உள்ளங்கையைவிட ஒல்லி.

டயர் சீக்கிரம் தேய நான் பார்க்கிற முதல் காரணம் காற்று குறைவு. கடைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை சொன்ன அளவைவிடக் குறைந்த காற்றோடு வருகின்றன. பங்க்கில் காற்றுக்கு வரிசை நிற்கச் சோம்பல், அல்லது "காத்து கம்மியா இருந்தா குலுங்காது" என்ற நம்பிக்கை. காற்று குறைந்தால் சைடுவால் மடங்கி மடங்கிச் சூடாகி ஓரம் தேயும். இரண்டாவது, செயின் இழுவை சரியில்லாமல், பின்சக்கரம் நேராக உட்காராமல் ஓடுவது. பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கத்திலும் இருக்கிற கோடுகள் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். மூன்றாவது, எடைக்கேற்ற டயர் வாங்காதது.

டயர் அளவுக்குப் பக்கத்தில் 62பி என்று ஒன்று இருக்கும். 62 என்பது எடைக் குறியீடு, அதாவது 265 கிலோ. பி என்பது வேகம், மணிக்கு 150 கிலோமீட்டர். ஆக்டிவா பின் டயரில் 53 என்று பார்ப்பீர்கள், அது 206 கிலோ. சரக்கு ஏற்றுகிறவர்கள் அதே அளவில் கூடுதல் எடைக் குறியீட்டுள்ள டயர் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பல அளவுகளில் கிடைக்கும், விலை வித்தியாசம் அதிகம் இருக்காது. சைடுவாலில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம் செய்தது. பழைய சரக்கைத் தலையில் கட்டாமல் இருக்க இதைப் பாருங்கள்.

கார் டயருக்காக ரிம், ஸ்போக், கூலி என்று செலவழிக்கிற பணத்தில் நல்ல பைக் டயர் இரண்டு மூன்று வாங்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

11.11.2024

பேச்சு வேறு பக்கம் போகிறது, ஆனாலும் எம்ஆர்எஃப் டயரும் புல்லட்டும் நம் ஊரில் செய்ததுதானே என்று ஒருவர் கேட்டதால். ஆமாம், இந்த இரண்டும் நம் திருவொற்றியூர்தான். எம்ஆர்எஃப் 1946இல் பொம்மை பலூன் செய்கிற சின்னக் கொட்டகையாக இங்கேதான் தொடங்கியது. 1952இல் டயருக்கு மேலே ஒட்டுகிற டிரெட் ரப்பருக்கு வந்தது, டயர் அதற்கப்புறம். புல்லட்டை 1956இல் என்ஃபீல்டு இந்தியா இதே திருவொற்றியூரில் செய்யத் தொடங்கியது. ஒரே ஊரில் புல்லட்டும் டயரும் செய்த ஜனங்கள் நாம். அப்பாவின் கடைக்கு வந்தவர்களில் இரண்டு ஆலைத் தொழிலாளர்களும் உண்டு. ஷிப்ட் முடிந்து டீ குடித்துக்கொண்டே எந்த ரப்பர் எதற்கு என்று அவர்கள் அடித்த விவாதத்தில்தான் எனக்குப் பாதி தொழில் தெரிந்தது. ரப்பரை எவ்வளவு வேகவைத்து எடுத்தால் கெட்டிப்படும், கந்தகம் எவ்வளவு, கரி எவ்வளவு என்றெல்லாம் பேசுவார்கள். ஒரு பெரியவர் டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தே பழசா புதுசா சொல்லிவிடுவார். அந்த ஊரிலிருந்து கொண்டு புல்லட்டுக்கு ஸ்விஃப்ட் டயர் மாட்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

24.11.2024

தம்பி அழைத்தார். ரிம் கட்டவில்லை. 120/80-18 புது டயரும் புது டியூபும் வாங்கி மாட்டிவிட்டார். "எவ்வளவு காத்து வைக்கணும் அண்ணா?" என்கிறார்.

வண்டியோடு வந்த புத்தகத்தில் தனியாக ஓட்ட ஒரு அளவு, பின்னால் ஆள் ஏற்றினால் ஒரு அளவு என்று இருக்கும். அதையே வையுங்கள், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், முதல் 150 கிலோமீட்டர் அதிகம் சாய்க்காதீர்கள், பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். டயரில் இருக்கிற அம்புக்குறி சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் இதைத் திருப்பி மாட்டிவிடுவது நடக்கிற விஷயம். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் கொண்டு வாருங்கள், திருப்பி மாட்டித் தருகிறேன்.